தண்ணி ஏறும் வரை

“குளிக்கிறதுக்குன்னு யாராச்சும் தீவுக்குப் போவாங்களாடி? கொல்லைக்குப் பின்னால வாய்க்கா ஓடுது” என்றார் அத்தை.

வாய்க்கால் ஓடவில்லை. மே மாதம். மேட்டூரை ஜூன் 12-ம் தேதி திறந்தால்கூட அந்தத் தண்ணீர் கல்லணை, அணைக்கரை எல்லாம் தாண்டி எங்கள் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் நாற்றங்கால் விட்டவன் வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான். கொல்லைக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் பையன்கள் தென்னை மட்டையை வைத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அத்தை சொன்னது ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய வாய்க்காலை.

அத்தைக்கு இப்போது அறுபத்தெட்டு. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பொம்பளைப் பிள்ளைகளில் அவரை மிஞ்சி நீந்த ஆள் கிடையாது என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆண்பிள்ளைகள் வாழை மரத்தைக் கட்டிக்கொண்டு நீச்சல் பழகுவார்கள். பெண்பிள்ளைகளுக்குப் பித்தளைக் குடம். தண்ணீர் எடுக்கப் போகிற குடத்தையே கவிழ்த்து, வாயை நேராகத் தண்ணீருக்குள் அழுத்தினால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும். அதன் வயிற்றைக் கட்டிப்பிடித்துக் காலை உதறினால் போதும், ஆள் போய்க்கொண்டே இருக்கலாம். குடம் கொஞ்சம் சாய்ந்தால் ‘பொளக்’ என்று ஒரு சத்தம், காற்று வெளியே வந்துவிடும், குடமும் பிள்ளையும் சேர்ந்து உள்ளே போகும். குடத்தைத் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போவதைவிட முழுகுவதே மேல் என்று நினைத்து அத்தை மூச்சுப் பிடித்துத் தேடி எடுத்தாராம். ஒன்பது வயதில் தெற்கு ராஜன் வாய்க்காலைக் குடம் இல்லாமல் குறுக்கே நீந்தியிருக்கிறார்.

பதிமூன்று வயதில் பெரியவளானார். அன்றோடு சரி. அதற்குப் பிறகு படித்துறையில் பாவாடையை மார்பில் ஏற்றிக் கட்டிக்கொண்டு மூன்று முழுக்கு, அவ்வளவுதான். வாய்க்கால் கரை என்பது எங்கள் பக்கத்தில் நடைபாதை, மாட்டு வழி, டீக்கடைக்குப் போகிற குறுக்கு வழி, எல்லாமும். அங்கே ஒரு பெண் நீந்தினால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரியும். முங்குவது வேறு, நீந்துவது வேறு.

என் கதை இன்னும் மோசம். எனக்கு நீச்சல் வந்தது முப்பத்தெட்டு வயதில், சென்னையில் அடுக்ககத்து நீச்சல் குளத்தில், நாலடி ஆழத்தில், குளோரின் நாற்றத்தில். அடித்தளத்து நீல ஓடு தெரிந்தால்தான் நீந்துவேன்.

அந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தது என் தம்பி. அவனோடு கல்லூரியில் படித்த பையன் பழையாறு மீனவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகெல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும், ஆட்களும் வீட்டில் இருப்பார்கள். சின்ன ஃபைபர் படகுக்குத் தடை இல்லை. “டீசலுக்கு மட்டும் குடுங்க, மீனு என் பொறுப்பு. அமாவாசைக்கு மறுநாள் வாங்க, காலைல தண்ணி நல்லா ஏறியிருக்கும்” என்று சொல்லியிருந்தார். அந்தக் கடைசி வாக்கியத்தை நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை. ஏறுகிற தண்ணீர் வற்றும் என்பது ஆற்றங்கரைக்காரர்களுக்குத் தோன்றவே தோன்றாது. எங்கள் தண்ணீர் ஒரு பக்கமாகத்தான் போகும்.

அத்தை, நான், தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். சீர்காழியிலிருந்து விடியற்காலையில் வேன். பழையாறு துறைமுகத்தில் விசைப்படகுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கால் வைத்தே துறைமுகத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடலாம். பழுதுபார்க்கும் ஆட்கள் வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஏறிய படகு அவற்றுக்கு நடுவே தீப்பெட்டி மாதிரி இருந்தது. பின்னால் நீளத் தண்டோடு ஓர் இன்ஜின். தம்பியோடு படித்த அந்தப் படகுக்காரத் தம்பியின் அம்மாவும் எங்களோடு வந்தார், இரண்டு தூக்கு, ஒரு அலுமினியச் சட்டி, ஒரு கட்டு விறகு, குடிதண்ணீர்க் குடம் சகிதம்.

“குடம் எதுக்குங்க? பாட்டில் வாங்கிட்டோமே” என்றாள் தம்பி மனைவி.

“பாட்டிலு குடிக்க. சோறு எதுல வடிக்கிறது?”

ஏறும்போதே அந்த அம்மா சொல்லிவிட்டார்: “எனக்கு நீந்தத் தெரியாதும்மா. கடக்கரையிலயே பொறந்தேன், கடக்கரையிலயே வாக்கப்பட்டேன். மீனு விக்கத்தான் தெரியும்.” அத்தை அவரை நம்ப முடியாமல் பார்த்தார்.

உப்பங்கழியிலிருந்து வெளியே வந்ததும் கொள்ளிடம் விரிந்தது. அதை எப்படிச் சொல்ல? பூம்புகாருக்குப் போனவர்களுக்குத் தெரியும், காவிரி கடலில் சேரும் இடத்தைப் பார்த்தால் மனசு சுருங்கிவிடும். குடகிலிருந்து கிளம்பி இவ்வளவு பேர் வாங்கிய ஆறு, ஒரு வாய்க்கால் அகலத்துக்கு வந்து முடியும். காரணம் முக்கொம்பில் இருக்கிறது. அங்கே காவிரியிலிருந்து பிரிகிற கொள்ளிடம் தாழ்வானது, சரிவு கூடியது, தண்ணீருக்கு அந்தப் பக்கம் போகத்தான் ஆசை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி மணல்மேடிட்டு, தஞ்சாவூர் வயலுக்கு வர வேண்டிய தண்ணீரெல்லாம் கொள்ளிடத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அதை மறிக்கத்தான் ஆர்தர் காட்டன் 1830-களில் அங்கே மேலணையைக் கட்டினார். அன்றிலிருந்து வயலுக்குக் காவிரி, வெள்ளத்துக்குக் கொள்ளிடம் என்று ஆகிவிட்டது. மேலே வேண்டாம் என்று தள்ளிவிட்டதையெல்லாம் கொள்ளும் இடம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்துப் பக்கத்து மதகுகள் ஒன்பதை அந்த வெள்ளமே அடித்துக்கொண்டு போனது. 2022 ஆகஸ்டில் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளமணல் ஆட்கள் வீட்டை விட்டுவிட்டுக் கரையேறி முகாமில் இருந்தார்கள்.

மே மாதத்தில் அந்தக் கொள்ளிடத்தில் ஆற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. மேலே மணல். இங்கே கீழே நிறைந்து கிடப்பது முழுக்கக் கடல். கையை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு கரித்தது. ஆறு வராத மாதத்தில் கடல் ஆற்றுக்குள் ஏறிவருகிறது. கரையோர ஊர்களில் அடிபம்புத் தண்ணீர் உப்பாகிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிள்ளைகளில் சின்னவன் கேட்டான்: “இங்க முதலை இருக்கா?”

கேள்வி நியாயமானது. வழியில்தான் முதலைமேடு என்ற பேர்ப்பலகையைப் படித்திருந்தான். சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடத்தில் முதலை இருப்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. படகுக்காரத் தம்பி சிரிக்காமல் பதில் சொன்னார். “அது நல்ல தண்ணி முதலைடா தம்பி. உப்புக்கு அவ்வளவா வராது. இங்க இருக்கிறது திருக்கை.” அது ஆறுதலா மிரட்டலா என்று அவனுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

முதலில் கொடியம்பாளையம். இது ஒரு வேடிக்கையான ஊர். கொள்ளிடத்துக்கு வடக்கே, கடலோரத்தில் தனியாகக் கிடக்கிற தீவுக் கிராமம். நிர்வாகத்துக்கு மயிலாடுதுறை மாவட்டம். ஆனால் சாலை வழியே போக வேண்டுமென்றால் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிக் கடலூர் மாவட்டத்துக்குள் போய், சிதம்பரம் சுற்றித்தான் வர வேண்டும். பழையாறிலிருந்து படகில் கொஞ்ச நேரம். ஆற்றைக் கோடாகப் போட்டு மாவட்டம் பிரிக்கிறவர்களுக்கு இப்படி ஓர் ஊர் மிச்சம் விழத்தான் செய்யும். அங்கே இறங்கி ஆளுக்கொரு டீ குடித்தோம். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அத்தையிடம் எந்த ஊர், என்ன விசேஷம் என்று விசாரித்தார்.

“குளிக்க வந்தோம்” என்றார் அத்தை, ரொம்ப வெட்கத்தோடு.

“சீர்காழிலேருந்தா?” என்றார் அவர்.

அடுத்தது திட்டு. அதற்குப் பேர் கிடையாது. முகத்துவாரத்துக்கு உள்வாங்கிய பக்கம், நாலைந்து தென்னந்தோப்பு அகலத்துக்கு மணல். நடுவில் அடப்பங்கொடி படர்ந்து, ஊதாப் பூவாகப் பூத்துக் கிடந்தது. வேறு செடி இல்லை, நிழல் இல்லை. “போன வருஷம் இது அந்தாண்ட இருந்திச்சு” என்று படகுக்காரத் தம்பி வடக்கே கை காட்டினார், ஏதோ மாடு இடம் மாறிப் படுத்திருப்பது போல. மழைக்காலத்து வெள்ளம் ஒரு பக்கம் அறுக்கும், மறு பக்கம் போடும். நாங்கள் நான்கு சவுக்குக் கழி நட்டு, பழைய பாய்ச்சீலையைக் கட்டிப் பந்தல் போட்டோம்.

இறங்குவதற்கு முன் சட்டதிட்டம் சொன்னார். ஒன்று, கிழக்குப் பக்கம் யாரும் கால் வைக்கக் கூடாது. தண்ணீர் வற்றும்போது உள்ளே நிறைந்த கழித் தண்ணீர் முழுக்க அந்த வாய் வழியாகத்தான் கடலுக்குப் போகும். முழங்காலளவு இருந்தாலும் ஆளைத் தள்ளும். இரண்டு, மேற்குப் பக்கம் இறங்கலாம், ஆனால் காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். திருக்கை மணலுக்குள் புதைந்து படுத்திருக்கும், மேலே மிதித்தால் வாலால் அடிக்கும், கால் தேய்க்கிற அதிர்வு பட்டால் அதுவே நகர்ந்துவிடும். மூன்று, சொறி, அதாவது ஜெல்லி மீன், ஒட்டினால் கையால் தேய்க்காதே, கூப்பிடு.

நாங்கள் ஆறு பேரும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டோடு கோலாட்டக் கும்பல் மாதிரி காலைத் தேய்த்துத் தேய்த்து இறங்கினோம். தண்ணீர் இடுப்புக்கு வந்தது. அத்தை முட்டியளவோடு நின்றுவிட்டார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையால் அள்ளி முகத்தில் தெளித்துக்கொண்டு, “போதும் போதும்” என்று கரையேறி, சமையல் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். நான் நீந்தினேன். அடி தெரியவில்லை. கலங்கல் பச்சைத் தண்ணீர், ஆனால் உப்புத் தண்ணீர் தூக்கிப் பிடிப்பது குளத்துக்கு வராது. பத்து நிமிஷத்தில் பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. பயத்தோடேயே ஒரு மணி நேரம் நீந்தினேன்.

சாப்பாட்டைப் பற்றி விரிவாகச் சொல்லாவிட்டால் பாவம்.

படகுக்காரத் தம்பி வரும் வழியிலேயே கழியில் போட்டிருந்த வலையை எடுத்து வந்திருந்தார். பத்துப் பன்னிரண்டு மடவை, கொஞ்சம் கிழங்கான், ஒரு கை இறால், இரண்டு பச்சை நண்டு. ஆற்றுவாயில் கிடைக்கிற மீன் வேறு, கடல் மீன் வேறு. மடவை சேற்றைத் தின்று வளர்கிற மீன். அந்த அம்மா அலகு தேய்ந்த ஒரு கத்தியால் வயிற்றைக் கீறி, குடலை எடுத்த பிறகு, உள்ளே இருந்த கறுப்புச் சவ்வைப் பெருவிரல் நகத்தால் ஒரு ஓரத்தில் நெம்பி, பழைய சுவரொட்டியை உரிப்பது போல ஒரே இழுப்பில் உரித்தார். உள்ளே சதை வெள்ளை வெளேரென்று வந்தது. அது கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் குழம்பு கசந்துபோகும், சேற்று வாடை அடிக்கும். பிறகு குடல் கொத்திலிருந்து கோலிக்குண்டு மாதிரி ஒன்றைப் பிதுக்கி எடுத்தார். கோழிக்கு இருப்பது போல மடவைக்கும் கல்லீரல் அல்லாத ஒரு கெட்டிச் சதை உண்டு, தின்ற மண்ணை அரைக்க. அதைப் பிளந்து கழுவி, மணல் போக மூன்று முறை அலசி, தனியாக வைத்தார். “இது எம்புள்ளைக்கு” என்றார். புள்ளைக்கு வயது நாற்பது.

புளியை வீட்டிலேயே கரைத்துத் தூக்கில் கொண்டுவந்திருந்தார். சின்ன வெங்காயம், பூண்டு, வீட்டில் அரைத்த மிளகாய்த்தூள், கொதி வந்ததும் மாங்காய். மே மாதம் இல்லையா, மாங்காய் போடாத மீன் குழம்பு எங்கள் பக்கத்தில் குழம்பே இல்லை. மீனைக் கடைசியில் போட்டார், கரண்டி போடாமல் சட்டியையே இரண்டு பக்கமும் பிடித்து ஒரு சுழற்று. காற்று அடிக்கும்போதெல்லாம் மணல் பறந்தது. குழம்பில் கொஞ்சம் நறநறவென்று இருந்தது உண்மை. யாரும் புகார் சொல்லவில்லை. வாழையிலையில் சோறு, மடவைக் குழம்பு, இறால் வறுவல், நண்டை உடைக்கக் கல் இல்லாமல் படகின் நங்கூரத்தில் வைத்துத் தட்டினோம்.

சாப்பிடும்போது ஒன்றைக் கவனித்தேன். நாங்கள் எல்லோரும் நிழல் பார்த்து எப்படியெப்படியோ உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா வெயிலில், கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார். அத்தை, “இப்படி நிழலுக்கு வாங்களேன்” என்று கூப்பிட்டார்.

“இல்லம்மா. கடலுக்கு முதுகு காட்டி ஒக்கார மாட்டேன். சுனாமிக்கப்புறம் வழக்கம்.”

2004 டிசம்பர் 26. அப்போது இந்தக் கரை நாகப்பட்டினம் மாவட்டம். அந்த மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அத்தை எழுந்து போய், இலையோடு அவர் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்துகொண்டார்.

பாத்திரம் கழுவிவிட்டுக் கிளம்பலாம் என்று பார்த்தால், படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து மணலில் கிடந்தது. காலையில் மிதந்த இடத்தில் தண்ணீர் கணுக்காலளவு. தம்பியும் படகுக்காரத் தம்பியும் தள்ளிப் பார்த்தார்கள், நாங்களும் சேர்ந்து தள்ளினோம். அசையவில்லை.

“என் தப்புதான்க்கா” என்றார் படகுக்காரத் தம்பி. “மீனு நல்லா இருந்திச்சா, பேச்சுல வுட்டுட்டேன். பன்னெண்டு மணிக்கே ஆழத்துக்குத் தள்ளிக் கட்டியிருக்கணும்.”

“இப்ப என்ன பண்றது?”

“ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் வத்தும். மூணு மணி வரைக்கும் வத்தும். அப்புறம் ஏறணும். நாலரை ஆவும்.”

தம்பி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திட்டு முழுக்க நடந்து சிக்னல் தேடினான். பிள்ளைகள் நண்டு வளை தோண்டப் போய்விட்டார்கள். ஆண்கள் இருவரும் படகின் அடியைப் பார்க்கலாம் என்று அந்தப் பக்கம் போய்ப் படகு நிழலிலேயே தூங்கிவிட்டார்கள்.

தண்ணீர் வற்ற வற்ற மேற்குப் பக்கத்தில் ஒரு மடு தனியாகத் தெரிய ஆரம்பித்தது. காலையில் அது இருப்பதே தெரியவில்லை. சுற்றிலும் மணல் வெளியே வந்து, நடுவில் நீளவாக்கில், எங்கள் ஊர் வாய்க்கால் அகலத்தில் தேங்கிய தண்ணீர். ஓட்டம் இல்லை. வெயிலில் வெதுவெதுவென்று இருந்தது. அந்த அம்மா ஒரு கழியை விட்டு ஆழம் பார்த்தார். நடுவில் ஆள் கழுத்தளவு.

அத்தை அந்த ஓரத்தில் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்தார். நான் அதுவரை எத்தனையோ பெண்கள் அப்படிப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன், நானே பார்த்திருக்கிறேன், உடை மாற்றுவதற்கு முன், ரோட்டோரம் ஒதுங்குவதற்கு முன். வடக்கே தண்ணீர். தெற்கே தண்ணீர். கரை என்று சொல்ல ஒரு கரை இல்லை. அதில் நடந்து போகிற ஒருத்தன் இல்லை, டீக்கடை இல்லை.

சேலையை அவிழ்த்து மடித்து என்னிடம் கொடுத்தார். பாவாடையை மேலே ஏற்றிக் கட்டினார். லைஃப் ஜாக்கெட்டை நீட்டினேன். “அதைப் போட்டா எப்பிடிடி கை வீசுறது?” என்றார். வற்புறுத்திப் பார்த்துவிட்டு, நானே அதைப் போட்டுக்கொண்டு அவர் பின்னால் இறங்கினேன். கால் தேய்த்து, தேய்த்து. இடுப்பளவு வந்ததும் நின்று, தண்ணீரை இரண்டு கையாலும் விலக்கிவிட்டார். அப்படியே முன்னால் சாய்ந்தார்.

முதல் நான்கைந்து வீச்சு கோணல்மாணலாகத்தான் போனது. வலது தோளில் வலி, தூக்க முடியவில்லை. பிறகு பக்கவாட்டில் திரும்பி, ஒரு காதைத் தண்ணீரில் வைத்து, ஒரு கையை மட்டும் வீசி, காலைக் கத்தரி மாதிரி அடித்தார். எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தராத நீச்சல் அது. குடத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் நீந்திப் பழகியவர்களின் நீச்சல் என்று எனக்கு ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது. மடுவின் அந்தக் கோடிக்குப் போய், மணலைத் தொட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்தார். திரும்பி வந்தார். மறுபடி போனார்.

கரையிலிருந்து அந்த அம்மா கேட்டார்: “ஏம்மா, வயசானவங்க இப்பிடிப் போறாங்களே, இது கத்துக்கிட்டா மறக்காதா?”

“இறங்குங்களேன்” என்றார் அத்தை, மூச்சு வாங்கிக்கொண்டே. “நான் புடிச்சிக்கிறேன்.”

அவர் இறங்கவில்லை. ஆனால் எழுந்து போய், சோறு வடித்துக் காலியாகியிருந்த குடத்தைக் கொண்டுவந்து தண்ணீரில் தள்ளிவிட்டார். பிளாஸ்டிக் குடம், பச்சை நிறம். அத்தை அதைக் கவிழ்த்து அழுத்திக் காட்டினார், எப்படிப் பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் சாய்க்கக் கூடாது என்று. பித்தளை மாதிரி அமுங்கவில்லை, துள்ளித் துள்ளி மேலே வந்தது. அந்த அம்மா முட்டியளவு தண்ணீரில் உட்கார்ந்து, குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடியே அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலே முக்காலுக்குப் படகு லேசாக ஆடியது. ஐந்து மணிக்கு மிதந்தது. வரும்போது மேற்கே வெயில் கண்ணில் அடித்தது, யாரும் அதிகம் பேசவில்லை. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். வேன் ஓட்டுநர் ஈரத்துணியோடு சீட்டில் உட்காரக் கூடாது என்று முனகினார்; அத்தை சாக்கு விரித்து உட்கார்ந்துகொண்டார்.

படித்துவிட்டு நாமும் போகலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே டிக்கெட் கவுன்டர் கிடையாது, காப்பாற்ற ஆளும் கிடையாது. அந்தத் தண்ணீரிலேயே பிழைக்கிறவர் கூட வராமல் முகத்துவாரத்துப் பக்கம் போகாதீர்கள். படகு சவாரிதான் ஆசை என்றால் பக்கத்திலேயே பிச்சாவரம் இருக்கிறது, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்புப் படகில் நிழலாகப் போய்வரலாம்.

வீட்டுக்கு வரும்போது மணி எட்டு. மாமா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

“என்ன இம்புட்டு நேரம்? தண்ணில இறங்கினியா?”

“காலு நனைச்சேன்” என்றார் அத்தை. தலையில் மணல் இருந்தது. நேராகக் கொல்லைக்குப் போய், மோட்டாரைப் போட்டு, தொட்டி நிறையும் சத்தம் கேட்கிறவரை விளக்கைப் போடாமல் நின்றுகொண்டிருந்தார்.